கைப்பணியிலிருந்து துணைமுறைக்கு: அறுவைக்குப் பிந்தைய வலியும் செவிலியரின் பிடித்துவிடுதலும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் மருந்துகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அறுவை முடிந்து நோயாளி படுக்கைக்குத் திரும்பிய பின்னர் நிகழ்வன அவ்வரலாற்றில் குறைந்த இடமே பெறுகின்றன. வலி மிகுந்த அந்நாள்களில் நோயாளியின் அருகில் இருந்தவர் செவிலியரே ஆவர். அவர்தம் கைப்பணிகளுள் ஒன்று, 'மசாஜ்' என இன்று வழங்கும் பிடித்துவிடுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செவிலியத்தின் இயல்பான பகுதியாக விளங்கிய இப்பணி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மங்கி, அந்நூற்றாண்டின் இறுதியில் 'துணைமுறை' என்னும் புதிய பெயரோடு மருத்துவமனைக்குள் மீண்டும் நுழைந்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதும், 'துணை' என்னும் அடைமொழி அப்பணியின் இயல்பால் அமைந்ததா, தொழில் வரலாற்றால் அமைந்ததா எனத் தெளிவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் மரபும்

கையால் தேய்த்து நோவு தணிக்கும் முறை பல பண்டைய மருத்துவ மரபுகளில் காணப்படுகின்றது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்தொகை, தேய்த்தலில் பயிற்சி பெறுவதை மருத்துவனுக்கு வேண்டிய தேர்ச்சிகளுள் ஒன்றாகச் சொல்கின்றது. வடமொழி ஆயுர்வேத நூல்கள் எண்ணெய் தேய்த்தலை 'அப்பியங்கம்' எனவும், மென்மையாகப் பிடித்துவிடுதலை 'சம்வாகனம்' எனவும் வேறுபடுத்துகின்றன. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டனுள் ஒன்றாகத் 'தொக்கணம்' வைக்கப்பட்டுள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும்.

'மசாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் பிறப்புக் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. தொடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பது ஒரு கருத்து. பிசைதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லை இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டனர் என்பது மற்றொரு கருத்து. இவற்றுள் எதுவும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை.

இம்மரபுகளை இன்றைய அறுவைக்குப் பிந்தைய பிடித்துவிடுதலின் நேர் முன்னோடிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், நோயாளியின் அருகிருந்து பேணுவோர்க்கு அவை அளித்த இடம் கருதத்தக்கது. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் பத்தொன்பதாம் இயல், புண்பட்டோரைப் பேணும் முறைக்கென்றே அமைந்துள்ளது. இனிய பேச்சால் புண்ணின் வேதனையை மறக்கச்செய்யும் நண்பர் உடனிருத்தல் வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் நெறிகளுள் ஒன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வான்' என அருகிருப்போனையும் சேர்த்து மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றது (குறள் 950). விழுப்புண் பட்டோனின் மனையில் வேம்பு செருகி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப்பண் பாடிக் காக்கும் மகளிரைப் புறநானூறு (281) காட்டுகின்றது. வலி தணித்தலில் மருந்துக்கு அப்பாற்பட்ட பங்கு ஒன்று உண்டு என்னும் எண்ணம் இவற்றில் பொதுவாக உள்ளது.

2. அறுவைக்கூடத்திலிருந்து படுக்கைக்கு இடம்பெயர்ந்த வலி

1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு நோயாளியை உணர்விழக்கச் செய்து காட்டினார். அதற்கு முன்னர் அறுவையின் கொடுமை அறுக்கும் நேரத்திலேயே மிகுந்திருந்தது. விரைந்து அறுப்பவரே சிறந்த அறுவையராகக் கருதப்பட்டார். மயக்கமருந்தின் வரவும், 1867-இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட நுண்ணுயிர் நீக்க முறையும் நீண்ட நேர அறுவைகளுக்கு வழிவகுத்தன. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைகள் பெருகின. இதன் விளைவாக, வலியின் களம் அறுவை மேசையிலிருந்து படுக்கைக்கு மாறியது. நோயாளி உணர்வு பெற்ற பின்னர் தொடரும் வலி, மருத்துவர் நீங்கிய பொழுதுகளில் செவிலியரின் பொறுப்பாயிற்று.

அக்காலத்தில் வயிற்றறுவை செய்யப்பட்டோர் இரண்டு, மூன்று வாரங்கள் அசையாது படுத்திருக்க வைக்கப்பட்டனர். காயத்தின் வலியோடு முதுகுவலி, கால் மரத்தல், தசைத் தளர்ச்சி, படுக்கைப்புண் முதலியனவும் சேர்ந்துகொண்டன. மார்பின் கிடைத்தது, 1853-இல் அலெக்சாண்டர் உட் தோலுக்கடியில் ஊசிவழி மருந்து செலுத்தும் முறையைக் கையாண்டார். எனினும், மூச்சு ஒடுங்குதல், பழக்கத்துக்கு அடிமையாதல் ஆகிய தீங்குகளும் விரைவில் உணரப்பட்டன. எனவே தலையணையை மாற்றி வைத்தல், புரட்டிப் படுக்க வைத்தல், வெந்நீர் ஒத்தடம், முதுகையும் கைகால்களையும் பிடித்துவிடுதல் ஆகியவை வலி தணிக்கும் நாள்தோறுமான முறைகளாயின.

இதே காலத்தில் ஐரோப்பாவில் பிடித்துவிடுதல் ஒழுங்குபட்ட கலையாக வளர்ந்தது. பேர் ஹென்ரிக் லிங் (1776-1839) 1813-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிலையம் இதற்கு ஒரு தூண்டுதலாயிற்று. பின்னாளில் 'ஸ்வீடிய மசாஜ்' எனப் பெயர்பெற்ற முறை லிங்கின் பெயரோடு இணைத்துப் பேசப்படினும், நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகிய வகைகளுக்கு இன்றும் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களை நிலைபெறச் செய்தவர் டச்சு மருத்துவர் யோகான் கியோர்க் மெஸ்கர் (1838-1909) என்பது வரலாற்றாசிரியர் கருத்து. அமெரிக்காவில் சைலஸ் வியர் மிட்செல், 1877-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 'ஓய்வு மருத்துவ' முறையில், படுத்தே கிடக்கும் நோயாளியின் தசை மெலியாதிருக்கப் பிடித்துவிடுதலை இன்றியமையாததாக்கினார். பிரான்சில் அறுவை மருத்துவர் லூக்கா-ஷாம்பியோனியேர் (1843-1913), முறிந்த எலும்பை நெடுநாள் அசையாது கட்டிவைக்கும் வழக்கத்தை மறுத்து, பிடித்துவிடுதலும் அசைத்தலும் வலியைத் தணித்துக் குணத்தை விரைவுபடுத்தும் என வாதிட்டார். இவ்வாறு மருத்துவரின் ஒப்புதல் பெற்ற ஒரு கலையை மருத்துவமனையில் நாள்தோறும் செய்வதற்கு ஏற்றவராகப் பயிற்சி பெற்ற செவிலியர் கருதப்பட்டனர்.

3. 1894: பிரிவின் தொடக்கம்

1894-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். இலண்டனில் 'மசாஜ்' என்னும் பெயர்ப்பலகையின் மறைவில் பாலியல் தொழில் நடைபெறுவதாக அவ்வாண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. நேர்மையாக இப்பணியைச் செய்துவந்த பெண்களின் மதிப்பு இதனால் கேள்விக்குள்ளாயிற்று. செவிலியப் பயிற்சியும் பேறுகாலப் பணிப் பயிற்சியும் பெற்ற பெண்கள் ஒன்றுகூடிப் 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிர் சங்கம்' ஒன்றை அவ்வாண்டே அமைத்தனர். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் ஆகிய நால்வர் அதன் நிறுவுநராகப் போற்றப்படுகின்றனர்.

மருத்துவரின் ஆணையின்றிப் பணி செய்யலாகாது, ஆடவர்க்குப் பொதுவாகப் பிடித்துவிடுதல் கூடாது, மருத்துவர் சிறப்பாக வேண்டும் அவசர நேர்வுகளிலும் செவிலிய நேர்வுகளிலும் மட்டும் விலக்கு உண்டு என்பன சங்கத்தின் தொடக்க விதிகளாக இருந்தன. தொடுதலை ஐயத்துக்கு இடமின்றிக் காப்பதற்கு அவர்கள் தேர்வும் சான்றிதழும் மருத்துவரின் மேற்பார்வையும் ஆகிய மூன்றையும் அரணாகக் கொண்டனர். இவ்வரண் அவர்களைக் காத்தது. ஆனால் நாளடைவில் அதுவே ஒரு புதிய தொழிலின் எல்லைக்கோடாகவும் ஆயிற்று.

முதல் உலகப்போர் அக்கோட்டை மேலும் அழுத்தமாக்கியது. 1914-இல் ஐம்பது பெண்களோடு தொடங்கிய அல்மெரிக் பேஜட் மசாஜ் படை, காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பணிபுரிந்தது. அமெரிக்காவில் 1918 முதல் 'மறுசீரமைப்பு உதவியாளர்' எனும் பெயரில் பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களுள் முன்னோடியான மேரி மெக்மில்லன் 1921-இல் தோன்றிய அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவரானார். பிரிட்டனின் சங்கம் 1920-இல் அரச பட்டயம் பெற்றது. 1944-இல் இயன்முறை மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாறியது. மின்முறைகளும் உடற்பயிற்சியும் முன்னுக்கு வர, பெயரிலிருந்து 'மசாஜ்' என்னும் சொல்லே மறைந்தது. செவிலியர் தோற்றுவித்த சங்கம் செவிலியத்திலிருந்து வேறான தொழிலாக வளர்ந்தமை இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

4. எஞ்சியதும் மறைந்ததும்

தனித்தொழில் பிரிந்த பின்னரும் செவிலியர் கையில் ஒரு பகுதி எஞ்சியது. இரவு உறங்குவதற்கு முன் நோயாளியின் முதுகைத் தேய்த்துவிடுதல் ஆங்கில, அமெரிக்க மருத்துவமனைகளில் மாலைப் பணிகளுள் ஒன்றாகத் தொடர்ந்தது. செவிலிய மாணவியர்க்கெனவே காத்ரின் ஜென்சன் எழுதிய மசாஜ் அடிப்படை நூல் 1932-இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அக்காலத்திலும் இது பாடத்திட்டத்துக்குரிய திறனாகவே கொள்ளப்பட்டது என்பதற்கு அது சான்றாகும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்நிலை மாறியது. அதற்குக் காரணங்கள் பல. முதலாவது, நோயாளியை விரைவில் எழுந்து நடக்கச்செய்யும் முறை. 1899-இல் சிகாகோவின் எமில் ரீஸ் இதனை வற்புறுத்தியபோது ஏற்றவர் சிலரே. 1940-களில் இது பரவலாயிற்று. பல வாரப் படுக்கைவாசம் குறைந்ததும், அதனால் விளைந்த தளர்ச்சிக்கும் வலிக்கும் மாற்றாக இருந்த பிடித்துவிடுதலின் தேவையும் குறைந்தது. இரண்டாவது, வலிநீக்கி மருந்துகளின் பெருக்கம். 1939-இல் அறிமுகமான பெத்திடின் போன்றவற்றைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஊசியாக இடுவது வழக்கமாயிற்று. மூன்றாவது, செவிலியரின் நேரம் பங்கிடப்பட்ட முறை. குளிப்பாட்டுதல், தேய்த்துவிடுதல் முதலியன உதவியாளரிடம் சென்றன. மருந்தளித்தல், கருவிகளைக் கண்காணித்தல், பதிவேடு எழுதுதல் ஆகியவை பயிற்சி பெற்ற செவிலியரிடம் தங்கின.

இம்மூன்றாவது காரணமே ஆழ்ந்து நோக்கற்குரியது. பயனற்றது என்று எந்த ஆய்வும் நிறுவியதனால் முதுகு தேய்த்தல் கைவிடப்படவில்லை. பதினைந்து நிமிடத் தொடுபணி, அளவிட்டு எழுதக்கூடிய பணிகளுக்கு இடங்கொடுத்து விலகியது. இவ்விலகலுக்கு அறிவியல் காரணம் இருந்த இடம் ஒன்றே. எலும்பு துருத்திய பகுதிகளில் தேய்ப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்கும் எனும் பழைய நம்பிக்கை தவறெனப் பின்னர்த் தெளியப்பட்டது. அமெரிக்க அரசின் நலவாழ்வுக் கொள்கை ஆய்வு முகமை 1992-இல் வெளியிட்ட நெறிமுறை அவ்விடங்களில் தேய்ப்பதைத் தவிர்க்குமாறு கூறியது. அதே முகமை அதே ஆண்டில் வெளியிட்ட அறுவைவலி பற்றிய நெறிமுறையோ, மருந்தல்லா முறைகளுள் ஒன்றாகப் பிடித்துவிடுதலைக் குறிப்பிட்டது. ஒரே கைப்பணி ஓரிடத்தில் விலக்கப்பட்டு மற்றோரிடத்தில் நினைவுகூரப்பட்டமை அக்காலத்தின் மாறுநிலையைக் காட்டும்.

5. வலி பற்றிய கருத்தும் 'துணைமுறை' என்னும் பெயரும்

பிடித்துவிடுதல் மீண்டும் பேசப்படுவதற்கு வலி பற்றிய கோட்பாட்டு மாற்றம் வழிகோலியது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை' முன்வைத்தனர். வலிச்செய்தி காயத்திலிருந்து மூளைக்குத் தடையின்றிச் செல்லும் ஒன்றன்று. தண்டுவடத்தில் அது கட்டுப்படுத்தப்படுகின்றது. தொடுதலையும் அழுத்தத்தையும் கடத்தும் தடித்த நரம்பிழைகளின் செயல் அவ்வாயிலை ஓரளவு மூடவல்லது. மூளையிலிருந்து வரும் கட்டளையும் அதனை மாற்றவல்லது என்பன அதன் சாரம். கோட்பாட்டின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. எனினும், அடிபட்ட இடத்தைக் கை தானாகவே தேய்ப்பதற்கு உடலியல் விளக்கம் ஒன்று இதனால் கிடைத்தது. அச்சமும் தனிமையும் வலியை மிகுவிக்கும் என்பதற்கும் இடம் ஏற்பட்டது.

ஆயினும் செவிலியம் தொடுதலை மீட்டுக்கொண்ட வழி நேரானதாக அமையவில்லை. 1970-களில் டோலோரஸ் கிரீகரும் பிரும்மஞான சங்கத்தைச் சார்ந்த டோரா குன்ஸும் உருவாக்கிய 'குணப்படுத்தும் தொடுகை' அமெரிக்கச் செவிலியரிடையே பரவியது. பிராணன் என்னும் இந்தியக் கருத்தை அது துணையாகக் கொண்டது. பெயரில் தொடுகை இருப்பினும் உடலைத் தொடாது கைகளை மேலே அசைப்பதே அதன் முறையாயிற்று. 1998-இல் எமிலி ரோசா என்னும் சிறுமியின் எளிய சோதனை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. அதில் பங்கேற்ற 21 பேர், தம் எந்தக் கையின் அருகே சோதிப்பவரின் கை உள்ளது என்பதை நூற்றுக்கு 44 முறையே சரியாகச் சொன்னார்கள். இது குருட்டு ஊகத்தைக் காட்டிலும் மேம்பட்டதன்று.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கீழ் 1990-களின் தொடக்கத்தில் 'மாற்று மருத்துவ அலுவலகம்' அமைந்தது. 1998-இல் அது 'துணை, மாற்று மருத்துவ மைய'மாகவும், 2014-இல் 'துணை, ஒருங்கிணைந்த நலவாழ்வு மைய'மாகவும் பெயர் பெற்றது. இப்பெயர்களின் குடையின்கீழ்ப் பிடித்துவிடுதலும், ஆற்றல் வழிக் கூற்றுகளும், மூலிகைகளும் ஒருங்கே வைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மருத்துவமனையின் நாள்முறைப் பணியாக இருந்தது, வெளியிலிருந்து வந்த விருந்தாளிபோல் வகைப்படுத்தப்பட்டது. அதே வேளையில் 1992-இல் அயோவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட செவிலியச் செயற்பாட்டு வகைப்பாட்டில் 'எளிய பிடித்துவிடுதல்' செவிலியரின் சொந்தப் பணியாக இடம்பெற்றதும் குறிப்பிடத்தக்கது.

6. ஆய்வுகள் காட்டுவன

1990-களின் இறுதியிலிருந்து இப்பணி அளவிட்டு ஆராயப்பட்டது. 2004-இல் வெளிவந்த வாங், கெக் ஆகியோரின் ஆய்வில், அறுவை செய்யப்பட்ட 18 பேருக்குக் கைக்கும் காலுக்கும் ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடமாக 20 நிமிடம் பிடித்துவிடப்பட்டது. பத்துக்கு 4.65 ஆக இருந்த சராசரி வலியளவு 2.35 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமையால் இம்முடிவை அப்படியே ஏற்றல் இயலாது. வலிநீக்கி மருந்தும் உடன் இருந்தது. அன்பான கவனிப்பே வலியைக் குறைத்திருக்கலாம் என்னும் ஐயமும் எழும்.

அவ்வையத்தை எதிர்கொண்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் இரண்டில், மார்பறுவையோ வயிற்றறுவையோ செய்துகொண்ட 605 பேர் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். மற்றொரு பிரிவினரிடம் நாள்தோறும் 20 நிமிடம் ஒருவர் உடனிருந்தார். மூன்றாம் பிரிவினர்க்கு மாலைதோறும் 20 நிமிடம் முதுகு பிடித்துவிடப்பட்டது. வழக்கமான மருத்துவம் பெற்றோரோடு ஒப்பிட, மூன்றாம் பிரிவினரின் வலியும் வலியின் வெறுப்புணர்வும் முதல் நான்கு நாள்களில் விரைந்து குறைந்தன. எனினும், அபின்வழி மருந்தின் அளவிலோ, மருத்துவமனையில் தங்கிய நாள்களிலோ, பிற சிக்கல்களிலோ மூன்று பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இதய அறுவை நோயாளிகளிடம் செய்யப்பட்ட இரு ஆய்வுகள் தம்முள் மாறுபடுகின்றன. கிளீவ்லாந்து கிளினிக்கில் 252 பேரிடம் செய்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வு எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. மேயோ கிளினிக்கில் 113 பேரிடம் செய்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வு வலியும் பதற்றமும் குறைந்ததாகக் காட்டியது. இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு 2016-இல் அமெரிக்க வலியியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் பிடித்துவிடுதலைப் பரிந்துரைக்கவும் இயலவில்லை, தடுக்கவும் இயலவில்லை எனக் கூறியது. மறுபுறம், அபின்வழி மருந்துகளால் விளைந்த பெருந்துயரை அமெரிக்க அரசு 2017-இல் பொதுநல நெருக்கடியாக அறிவித்தது. 2018 முதல் அந்நாட்டு மருத்துவமனை ஏற்பளிப்பு அமைப்பின் விதிகள், மருந்தல்லா வலிதணிப்பு முறைகளையும் மருத்துவமனைகள் வைத்திருக்க வேண்டும் என்றன.

இவ்வாய்வுகளிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, பிடித்துவிடுதல் மருந்துக்கு மாற்றாகாது. குறுகிய நேர ஆறுதலே அதன் உறுதியான பயன். காயத்தின் மீதும், குருதி உறைந்த கால்களிலும் அது செய்யத்தக்கதன்று. மற்றொன்று, 605 பேரிடம் செய்த பேராய்வில் பிடித்துவிட்டோர் செவிலியர் அல்லர்; தனியே அமர்த்தப்பட்ட மசாஜ் பயிற்சியாளர். பணியின் பயன் ஆராயப்பட்டபோது, அதனை ஒருகாலத்தில் செய்தவர் அங்கு இல்லை.

7. இந்தியச் சூழல்

இந்தியாவில் பயிற்சி பெற்ற செவிலியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்கொண்டது. 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. பிறர் உடலையும் கழிவையும் தொடும் தொழில் தாழ்ந்தது என்னும் சாதிவழிக் கருத்து இத்தொழிலுக்கு நெடுங்காலம் தடையாக நின்றது. ஆகவே தொடுபணியிலிருந்து விலகி மருந்துக்கும் பதிவேட்டுக்கும் நெருங்குவது இங்கு மதிப்பு தேடும் வழியாகவும் அமைந்தது. பொது மருத்துவமனைகளில் அறுவை முடிந்தவரின் கால்களைப் பிடித்துவிடுவோர் பெரும்பாலும் உடன்வந்த தாயோ, மனைவியோ, மகளோ ஆவர். அவர்களுக்குப் பயிற்சியில்லை, அவர்தம் உழைப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இதற்கிடையே, மகப்பேற்று அறுவைக்குப் பின் கால் பிடித்துவிடுதல் செவிலியக் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் பொருளாக உள்ளது. ஆய்வேட்டில் உள்ள இப்பணி படுக்கைப் பிரிவின் நாள்முறைக்குள் வருவது அரிதாகவே உள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. அறுவைக்குப் பிந்தைய வலி, மயக்கமருந்துக்குப் பின் செவிலியரின் பொறுப்பாக உருப்பெற்றது. பிடித்துவிடுதல் அப்பொறுப்பின் இயல்பான கருவியாயிற்று. தொழில் மானம் காக்க எழுந்த சங்கமும், போர்க்கால மறுவாழ்வுப் பணியும் அதனை வேறொரு தொழிலாக்கின. மருந்தும் கருவியும் பதிவேடும் எஞ்சியதன் நேரத்தை எடுத்துக்கொண்டன. 'துணைமுறை' என்னும் பெயர் இவ்விடைவெளியின் விளைவே. அப்பணியின் இயல்பைச் சுட்டும் பெயரன்று.

அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுத்த தாயைக் குறித்த 'செவிலி' என்னும் சொல்லை இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மருத்துவமனைப் பணியாளர்க்குரியதாக்கியது. அச்சொல்லின் பழம்பொருளில் உடலைத் தொட்டுப் பேணுதல் உள்ளடங்கியிருந்தது. அதனை மீட்பதற்குப் பெருங்கோட்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டியுள்ளது, ஒவ்வொருவரிடமும் இருபது நிமிடம் இருக்க அவருக்கு இடமுண்டா என்னும் கேள்விக்கு மருத்துவமனை ஆட்சியாளர் தரும் விடையே, இப்பணி துணையாக நிற்குமா, செவிலியத்தின் பகுதியாக மீளுமா என்பதை முடிவுசெய்யும்.